நாட்டிங்காம் கொத்தனார்

கிரிக்கெட் என்பது பிரபுக்களின் ஆட்டம் என்ற அபிப்பிராயம் நம்மவருள் பலருக்கு உண்டு. ஆனால், அவ்வாட்டத்தை இங்கிலாந்து தேசமெங்கும் கொண்டு சென்றவர் பிரபுவுமல்லர், கலாசாலையில் பயின்றவருமல்லர். செங்கல் அடுக்கிச் சுவரெழுப்பிப் பிழைத்த ஒரு கொத்தனாரே அக்காரியத்தைச் செய்து முடித்தார். வில்லியம் கிளார்க் என்பது அவர் பெயர். அவருடைய சரித்திரத்தில் பின்பற்றத்தக்கதும் உண்டு, விலக்கத்தக்கதும் உண்டு. பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் இவ்விரண்டையும் அறிந்திருத்தல் நலம்.

1798-ம் வருஷம் டிசம்பர் மாதம் 24-ந் தேதி நாட்டிங்காம் நகரில் கிளார்க் பிறந்தார். இளமையிலேயே தொழிலும் ஆட்டமும் அவருக்கு ஒருங்கே கைவந்தன. பின்னர் கொத்து வேலையை விட்டு ஒரு விடுதியை நடத்தலானார். சுவரில் பந்தைக் கையால் அடித்தாடும் ஆட்டமொன்றில் பந்து பட்டு வலக்கண்ணின் பார்வையை இழந்தார். வேறொருவராயின் அத்துடன் மைதானத்தை மறந்திருப்பார். கிளார்க்கோ எஞ்சிய ஒரு கண்ணைக் கொண்டே, எதிரே நிற்பவரின் கால் வைப்பையும் கையசைவையும் துருவிப் பார்த்து, அவருடைய பலவீனம் இன்னதென்று கண்டுகொள்ளும் திறமையைப் பெற்றார்.

டிரெண்ட் நதிப் பாலத்தருகே ஒரு விடுதியை நடத்தி வந்த விதவையை அவர் மணந்தார். அவ்விடுதியை அடுத்த நிலத்தைச் சீர்திருத்தி, வேலியிட்டு, 1838-ம் வருஷத்தில் கிரிக்கெட் மைதானமாக்கினார். ஆட்டத்தைக் காண வருவோரிடம் கட்டணமும் வசூலித்தார். பொதுவெளியில் இலவசமாகவே ஆட்டம் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு இது பிடிக்கவில்லை. எனினும் அவர் பின்வாங்கினாரில்லை. ஆட்டத்தைக் கொண்டே ஆட்டக்காரன் ஜீவிக்க இயலும் என்பது அவருடைய நம்பிக்கை.

1846-ம் வருஷம், தமது நாற்பத்தேழாவது வயதில், லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் பயிற்சிப் பந்து வீசும் ஊழியராக அவர் அமர்ந்தார். அவ்வருஷமே அகில இங்கிலாந்து பதினொருவர் என்னும் கோஷ்டியை ஸ்தாபித்தார். அதுகாறும் கூலிக்கு ஆடுவோர் பெரும்பாலும் பிரபுக்களின் தயவையும், அவர்கள் கட்டும் பந்தயப் பணத்தையுமே நம்பியிருந்தனர். அப்பொழுது ரயில் பாதைகள் நாடெங்கும் பரவி வந்தன. அவ்வசதியைக் கொண்டு, ஆல்பிரட் மின், புல்லர் பில்ச், ஜார்ஜ் பார் முதலிய பிரசித்தி பெற்ற வீரர்களைத் தமது கோஷ்டியில் சேர்த்துக்கொண்டு, கிளார்க் ஊர் ஊராகச் சென்றார். முதற் போட்டி ஷெபீல்டு நகரில் நடைபெற்றது. அங்கே உள்ளூர்க்காரர் இருபது பேர் இவர்கள் பதினொருவரை எதிர்த்தனர். பின்னர் இருபத்திரண்டு பேர் எதிர்த்தாடுவது வழக்கமாயிற்று. வீரர்களின் பெயரை மாத்திரம் கேட்டறிந்த ஜனங்கள், தங்கள் ஊரிலேயே அவர்களைக் கண்ணாரக் கண்டனர்.

கையைத் தோளளவு உயர்த்திப் பந்தெறியும் புது முறை அப்பொழுது மேலோங்கியிருந்தது. கிளார்க்கோ கையைத் தாழ்த்தி மெதுவாக எறியும் பழைய முறையையே கைக்கொண்டார். ஐம்பது வயதைக் கடந்த அவர் 1853-ம் வருஷத்தில் மாத்திரம் 476 விக்கெட்டுகளை வீழ்த்தினார்!

நிற்க. கூட்டம் பெருகிற்று, வசூலும் பெருகிற்று. ஆனால் ஆட்டக்காரர்களுக்குப் போட்டி ஒன்றுக்கு நான்கு முதல் ஆறு பவுன் வரையே கிடைத்தது. மிகுந்த பணம் கிளார்க்கின் கைக்கே சென்றது. பிறருடைய யோசனைக்கு அவர் செவி கொடுத்தாரில்லை. கூலியின் அருமையை அறிந்த தொழிலாளியே முதலாளியான பின்பு, தம்முடன் உழைத்தோரின் மனக்குறையை அறியாதவரானார். இதன் பலனாக 1852-ம் வருஷத்தில் ஜான் விஸ்டன், ஜேம்ஸ் டீன் ஆகியோர் ஐக்கிய அகில இங்கிலாந்து கோஷ்டியைத் தனியே அமைத்தனர். கிளார்க்கின் நிர்வாகத்தில் இனி ஆடுவதில்லை என்றும் அவர்கள் உறுதி செய்துகொண்டனர். அவர் உயிரோடிருந்தவரை இவ்விரு கோஷ்டிகளும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடவேயில்லை.

1856-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 25-ந் தேதி அவர் காலமானார். ஆட்டக்களத்தில் அவர் கடைசியாக எறிந்த பந்தும் ஒரு விக்கெட்டை வீழ்த்தியதாம். மறு வருஷமே இரு கோஷ்டிகளும் லார்ட்ஸ் மைதானத்தில் சந்தித்தன. 1859-ல் இரண்டிலிருந்தும் அறுவர் அறுவராகச் சேர்ந்து, ஜார்ஜ் பாரின் தலைமையில் வட அமெரிக்கா சென்றனர். கடல் கடந்து சென்ற முதல் இங்கிலீஷ் கோஷ்டி அதுவே.

1854-ல் கிளார்க்கின் கோஷ்டி பிரிஸ்டல் நகரில் ஆடியபோது வேடிக்கை பார்த்தோருள் ஆறு வயதும் நிரம்பாத ஒரு சிறுவன் இருந்தான். அவனே பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற டபிள்யூ. ஜி. கிரேஸ். அவர் தமது கடைசி டெஸ்ட் ஆட்டத்தை 1899-ல் ஆடியது, கிளார்க் வேலியிட்ட அதே டிரெண்ட் பிரிட்ஜ் மைதானத்தில்தான். இன்றும் அங்கே டெஸ்ட் ஆட்டங்கள் நடைபெறுகின்றன.

ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு ஸ்தாபனத்தை உண்டாக்குவதற்குத் தனி ஒருவரின் துணிவும் பிடிவாதமும் வேண்டும். உண்டான ஸ்தாபனம் பிளவுபடாமல் நிற்பதற்கோ கணக்கில் நேர்மையும், உடனுழைப்போரிடம் மதிப்பும் வேண்டும். முன்னது கிளார்க்கிடம் நிரம்ப இருந்தது, பின்னது இல்லை. அவர் எழுப்பிய சுவர் இடிந்து விழவில்லை. ஆனால் அவர் கண்ணெதிரிலேயே வெடித்தது. தலைமை வகிக்க விரும்புவோர் அவ்வெடிப்பையும் பார்த்துக்கொள்வார்களாக.