வெல்ஸும் ஈயப் படையும்

போர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்திற் குருதியும் கண்ணீரும் தோன்றுகின்றன. விளையாட்டு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நகையும் ஆரவாரமும் தோன்றுகின்றன. ஒன்றற்கொன்று முரணான இவ்விரண்டையும் ஓர் அறைக்குள்ளே ஒன்று சேர்த்தவர் ஒருவர் ஆங்கில நாட்டில் வாழ்ந்தார். விரல் நீளமுள்ள ஈயச் சிப்பாய்களைத் தரையில் அணிவகுத்து நிறுத்தி, நண்பரோடு மண்டியிட்டுப் போர் புரிந்து, அப்போரின் விதிகளை 1913-ஆம் ஆண்டில் ஒரு நூலாகவும் வெளியிட்டார். அப்பொழுது அவர் சிறுவரல்லர், நாற்பத்தாறு அகவையினர், நாடெங்கும் புகழ் பெற்ற நூலாசிரியர். அவரே எச். ஜி. வெல்ஸ் என்பார். அவர்தம் கற்பனைக் கதைகளை நம்மிற் பலர் படித்திருப்பர். அவ்விளையாட்டையும், அஃது அவர்க்குக் கற்பித்த பாடத்தையும், அப்பாடத்தை அவரே ஒருகால் மறந்தமையையும் அறிந்தோர் சிலரே. ஆதலின் அவர்தம் வரலாற்றை அந்நெறி பற்றி ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றேன்.

வெல்ஸ் 1866-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 21-ஆம் நாள் கெண்ட் மாகாணத்துப் பிராம்லி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜோசப் வெல்ஸ், தோட்டக்காரராயிருந்து பின்னர்ப் பீங்கான் கடை வைத்தவர். கிரிக்கெட் ஆட்டத்திற் பந்தெறிந்தும் பொருளீட்டியவர். தாயார் சேரா, செல்வர் மனையிற் பணிமகளாயிருந்தவர். கடையில் வருவாய் குறைவு. ஆகவே வீட்டில் வறுமை நீங்கவில்லை. ஏழாம் அகவையிற் கால் முறிந்து படுக்கையிற் கிடந்தபோது தந்தையார் கொணர்ந்து கொடுத்த நூல்களே சிறுவர்க்குக் கல்வியின் சுவையை ஊட்டின.

ஆயினும் வறுமை அவரைப் பள்ளியில் நிலைக்க விடவில்லை. சௌத்சீ நகரத்து ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பழகுமாறு சேர்க்கப்பெற்றார். நாள் முழுதும் துணி விரித்து மடிக்கும் அவ்வாழ்க்கையை ஈராண்டளவு பொறுத்து, 1883-இல் அதனை உதறி நீங்கினார். மிட்ஹர்ஸ்ட் பள்ளியில் மாணவ ஆசிரியராய் அமர்ந்து இடைவிடாது கற்று, 1884-இல் உதவிச் சம்பளம் பெற்று, இலண்டன் மாநகரத்துச் சௌத் கென்சிங்டன் விஞ்ஞானக் கல்லூரியிற் புகுந்தார். ஆங்கு அவர்க்கு உயிர்நூல் கற்பித்தவர் பேராசிரியர் ஹக்ஸ்லி ஆவர். 1890-இல் இலண்டன் பல்கலைக் கழகப் பட்டமும் பெற்றார். சில காலம் ஆசிரியத் தொழில் புரிந்தார்; உடல் நலம் குன்றவே எழுதுகோலையே துணையாகக் கொண்டார். 1895-இல் வெளிவந்த கால யந்திரம் என்னும் கதையும், 1898-இல் வெளிவந்த உலகங்களின் போர் என்னும் கதையும் அவர் பெயரைத் திசையெல்லாம் பரப்பின.

கதைகள் தந்த பொருளைக் கொண்டு சாண்ட்கேட் என்னும் கடற்கரையூரில் இல்லம் ஒன்று அமைத்துக் குடிபுகுந்தார். 1901-இலும் 1903-இலும் புதல்வர் இருவர் பிறந்தனர். பிள்ளைகள் வளர வளர விளையாட்டறையிற் பொம்மைகளும் பெருகின. 1893-ஆம் ஆண்டு முதல் பிரிட்டன் என்னும் இலண்டன் வணிகர் உட்கூடான ஈயச் சிப்பாய்களை வார்த்து விற்று வந்தமையால், நடுத்தர வீடுகளிலும் பொம்மைப் படைகள் நிறைந்திருந்த காலம் அது. அவற்றோடு வில்விசையால் ஓர் அங்குல மரத்துண்டை எறியும் சிறு பீரங்கியும் கிடைத்தது. ஒரு நாள் பகலுணவு முடிந்தபின், நகைச்சுவை ஆசிரியரான ஜெரோம் என்னும் நண்பர் சிறு மேசையருகே அமர்ந்து, அப்பீரங்கியாற் சிப்பாய் ஒன்றனைக் குறிவைத்து வீழ்த்தி, ஏனையோரையும் போட்டிக்கு அழைத்தார். அவ்வளவே, பெரியோர் யாவரும் சிறுவராயினர். பின்னர் மற்றொரு நண்பரோடு கூடிக் கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கம்பளத்தின்மேல் அடுக்கி மலைகளாக்கிப் படைகளை ஒளித்துப் போர் தொடுத்தார் வெல்ஸ். அறிவு பெருக்கும் நூல்கள் அன்று அரண்களாய் நின்றன!

நாளடைவில் மரக்கட்டைகளும் அட்டை வீடுகளும் மரக்கிளைகளும் அடுக்கிய நூல்களின் இடத்தைப் பெற்றன. ஆறுகள் சுண்ணக்கட்டியால் வரையப்பெற்றன. விதிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருந்தின. இரு படைகளுக்கும் இடையே திரையிட்டு, ஒருவர் அணிவகுப்பை மற்றவர் காணாதவாறு நிறுத்துவர். பின் திரை நீங்கும். காலாட்கள் ஒரு முறைக்கு ஓர் அடி தூரமும், குதிரை வீரர் ஈரடி தூரமும் நகர்வர். அருகே நால்வரேனும் இல்லாத பீரங்கி செயலற்றுக் கிடக்கும். பீரங்கியால் வீழ்ந்தவன் மாண்டவனே. கைகலப்பு நேர்ந்தால், ஒருவனுக்கு ஒருவனாக இருதிறத்தாரும் மடிவர். தன் படையினின்று தனிப்பட்டு நிற்கும் சிறு கூட்டம் சிறைப்படும். ஒவ்வொரு முறைக்கும் கடிகாரம் கொண்டு காலம் வரையறுத்தனர்.

போரை விளையாட்டாக்கியது புதுமையன்று. நம் நாட்டிற் பிறந்த சதுரங்கத்தில் நால்வகைப் படையும் உண்டு. பிரஷ்ய நாட்டிலே ரைஸ்விட்ஸ் என்னும் படைத்தலைவர் 1824-இல் நிலப்படத்தின்மேல் ஆடும் போராட்டம் ஒன்றை வகுக்க, அது படைத்தலைவர்களின் பயிற்சியாகவே அமைந்தது. வெல்ஸ் செய்தது யாதெனின், கட்டமும் பகடையும் இன்றி, இல்லத்தில் நண்பர் கூடி ஆடத் தக்கதாய் அதனை எளிமைப்படுத்தியதே. 1911-இல் தரை விளையாட்டுகளைப் பற்றியும், 1913-இற் சிறுபோர் பற்றியும் அவர் நூல்கள் வெளியிட்டார். பின்னைய நூலில் ஹூக்ஸ் பண்ணைப் போர் என்னும் கற்பனைப் போர் ஒன்றனைப் படங்களோடு விரித்துரைத்தார்.

இவ்விளையாட்டில் அவர் கண்டறிந்தது யாது? ஆட்டம் தொடங்குமுன் தலைவன் உள்ளத்தில் திட்டம் தெளிவாக இருக்கும். திரை நீங்கியதும் பகைவன் எதிர்பாராத இடத்தில் நிற்பான். கடிகாரம் விரைவுபடுத்தும்; கை நடுங்கும்; குதிரைப்படை தவறான குன்றின்பின் நின்றுவிடும். ஒரு பிழையால் அரைப் படை அழியும். பொம்மைப் போரிலே அறிவுடையோரே இவ்வளவு தடுமாறுவராயின், மெய்ப்போரில் நிகழும் தடுமாற்றம் எத்துணைப் பெரிதாகும் என்று அவர் சிந்தித்தார். ஈயப் பொம்மை வீழ்ந்தால் எடுத்து நிறுத்தலாம். மகனை இழந்த தாய்க்கு அவனை எடுத்து நிறுத்துவார் யார்? ஆகவே போர் விரும்பும் மன்னரும் அமைச்சரும் ஓர் அறையிற் புகுந்து பொம்மைகளோடு போரிட்டுத் தம் ஆவல் தணியட்டும். உலகம் தன் தொழிலைச் செய்யட்டும் என்னும் கருத்தை நூலின் இறுதியில் நகையோடு நாட்டினார். நகையின் உள்ளே கவலை இருந்தது. 1903-இல் இரும்புக் கவசப் போர் வண்டிகளையும், 1908-இல் வானூர்திப் போரையும் கதைகளிற் காட்டி எச்சரித்தவர் அவரல்லரோ?

அந்நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1914 ஆகஸ்டில், ஐரோப்பியப் பெரும்போர் மூண்டது. ஈண்டுத்தான் அவர் வாழ்வின் துயரமான இடம் வருகின்றது. போரின் பேதைமையைத் தரையில் மண்டியிட்டுக் கற்ற அவரே அப்போரை வரவேற்றார். இது போர்களையெல்லாம் ஒழிக்கும் போர் என்று கட்டுரைகள் வரைந்து, அப்பெயராலேயே நூலும் வெளியிட்டார். அன்று அவர்தம் புதல்வர்க்குப் பதின்மூன்றும் பத்துமே அகவை. பிறர் புதல்வரோ பல்லாயிரவராய்ப் பதுங்குகுழி சென்றனர். 1916-இல் அவர் எழுதிய பிரிட்லிங் என்பாரின் கதையில், மகனை இழந்த ஆங்கிலத் தந்தை ஒருவர், தம் வீட்டில் வாழ்ந்து போரில் மடிந்த ஜெர்மானிய இளைஞனின் பெற்றோர்க்கு மடல் எழுத முயல்கின்றார். அதனுள் ஆசிரியர் உள்ளம் கலங்கியதை நாம் காணலாம். அவ்வாண்டு செப்டம்பரிலேயே அவர் கற்பனை செய்தவை போன்ற இரும்பு வண்டிகள் போர்க்களத்தில் உருண்டன. 1918-இற் போர் முடிந்தபோது ஏறக்குறைய 90 இலட்சம் வீரர் மாண்டிருந்தனர்.

அதன்பின் வெல்ஸ் தம் உழைப்பை உலக ஒற்றுமைக்கே உரியதாக்கினார். நாடுகள் தத்தம் போர்களையே பெருமையாகக் கற்பிப்பதாற் பகைமை வளர்கின்றது என்று கருதி, மனித குலம் முழுமைக்கும் பொதுவானதொரு வரலாற்றை எழுதி 1920-இல் நிறைவேற்றினார். 1933-இல் ஜெர்மனியில் அவர்தம் நூல்கள் தீக்கிரையாயின. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது மக்கள் யாவர்க்கும் உரிய உரிமைகளை வகுத்துரைக்க முனைந்தார். வானூர்திப் போர்க் கதை 1941-இல் மீண்டும் அச்சேறியபோது, தாம் முன்னரே எச்சரித்தமையைத் தம் கல்லறையிற் பொறிக்கலாம் என்று மனங்கசந்து முன்னுரை எழுதினார். 1914-இல் வெளிவந்த கதையொன்றில் அவர் பெயரிட்டழைத்த அணுகுண்டு, 1945-இல் ஹிரோஷிமாவின்மேல் மெய்யாகவே வீழ்ந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13-ஆம் நாள் இலண்டனில் அவர் உயிர் நீத்தார். அவர்க்குக் கல்லறை எழவில்லை. சாம்பல் கடலில் தூவப்பெற்றது.

அவர் வகுத்த விளையாட்டோ வாழ்கின்றது. இன்றும் பல நாடுகளில் நண்பர் கூடிச் சங்கம் அமைத்து, பெரிய மேசைகளின்மேல் நூற்றுக்கணக்கான சிறு உருவங்களை நிறுத்தி, வாட்டர்லூ முதலிய பழம்போர்களை நாள் முழுதும் ஆடி மகிழ்கின்றனர். மாலையில் தோற்றவரும் வென்றவரும் ஒருங்கே பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கி வீடு திரும்புகின்றனர்.

மாணவ நண்பர்காள்! வெல்ஸின் பிழையை எள்ளி நகைத்தல் நமக்கு எளிது. ஆயினும் அறிவாற் கண்ட உண்மையை, ஊரெல்லாம் முரசு கொட்டும் வேளையிலும் கைவிடாது பற்றி நிற்றல் அரிது என்பதை அவர் வாழ்வு காட்டுகின்றது. 1914-இற் களம் புகுந்து மடிந்தோருட் பலர் கல்லூரி மாணவர், நம் அகவையினர். அவர்களை மீண்டும் எடுத்து நிறுத்துவார் ஒருவரும் இல்லை.