தீவில் ஏற்றிய தீபம்

சந்திரகிரிக்குச் செல்பவர்கள் அங்குள்ள கோட்டையையும் ராஜமகாலையும் கண்டு வியக்கின்றனர். விஜயநகரப் பேரரசின் இறுதிக்காலத் தலைநகரங்களுள் அதுவும் ஒன்று. கல்லும் சுதையும் நிற்கின்றன, ஆண்டவர்கள் மறைந்துவிட்டனர். மதிலும் படையும் இன்றி, ஒரு துறவியின் மனவுறுதியையே அரணாகக் கொண்டு, இரண்டு உலகப்போர்களின் சோதனையையும் கடந்து நின்ற தவச்சாலை ஒன்று இலங்கையில் உண்டு. அதனை நிறுவியவர் ஞானதிலோக மகாதேரர்.

1878-ஆம் ஆண்டு ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் பிறந்த அவரது பூர்வாசிரமப் பெயர் ஆன்டன் வால்டர் ஃப்ளோரஸ் குயெத். இசையில் தேர்ந்த அந்த இளைஞர், பிராங்க்ஃபர்ட்டில் புத்தரின் நெறி பற்றிய சொற்பொழிவு ஒன்றைக் கேட்டார். அன்று பற்றிய நெருப்பு அணையவில்லை. வயலின் வாசித்துப் பொருளீட்டியபடியே கிழக்கு நோக்கிப் பயணம் செய்து இலங்கையையும், பின்னர் பர்மாவையும் அடைந்தார். அங்கே 1903-இல் இளந்துறவியானார். 1904-இல் முழுத்துறவு ஏற்றார்.

தாம் பெற்ற பேற்றைப் பிறரும் பெற வேண்டும் என்ற எண்ணம் அவருள் வளர்ந்தது. 1911-ஆம் ஆண்டு தென்னிலங்கையின் தொடந்துவ என்னும் ஊருக்கு அருகே, உப்பங்கழியின் நடுவில் காடடர்ந்து கிடந்த பொல்கஸ்தூவ என்னும் சிறு தீவில் தவச்சாலையைத் தொடங்கினார். படகின்றி அங்கே செல்ல இயலாது. மேனாட்டிலிருந்து வந்த சாதகர்கள் அங்கே தியானமும் பாலி மொழியும் பயின்றனர்.

முதல் சோதனை சமூகத்திடமிருந்து வந்தது. தாழ்த்தி ஒதுக்கப்பட்ட ரொடியா குலத்தவருக்கும் அவர் தீவின் கதவைத் திறந்தார். அக்குலத் தலைவரின் மகனை ஞானாலோகர் என்ற பெயரில் சீடராக ஏற்றார். பழிச்சொற்கள் எழுந்தன. உணவுக்கு ஊராரையே நம்பி வாழும் துறவிக்கு ஊராரின் அதிருப்தி சிறிய விஷயமன்று. ஆயினும் அவர் பின்வாங்கவில்லை.

1914-இல் போர் மூண்டது. ஜெர்மானியர் என்பதால் ஆங்கில அரசு அவரைக் காவலில் வைத்தது; பின் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. விடுதலை பெற்றுச் சீனா சென்றார், அங்கும் சிறை. 1919-இல் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். இலங்கையில் நுழைய அனுமதி மறுக்கப்பட்டதால் ஜப்பானில் ஆசிரியப் பணி செய்து காத்திருந்தார். 1926-இல்தான் அனுமதி கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் தீவில் கால் வைத்தபோது தவச்சாலை சிதைந்திருந்தது. ஐம்பதை நெருங்கிய வயதில் அவர் அனைத்தையும் மீண்டும் தொடங்கினார்.

1939-இல் இரண்டாம் உலகப்போர் மீண்டும் அவரைச் சிறைப்படுத்தியது. இம்முறை தியத்தலாவையிலும், பின்னர் நம் நாட்டின் டேராடூன் முகாமிலுமாக 1946 வரை காவல். ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. குரு இல்லாத காலத்தில் தீவில் நிலைத்திருந்த சிலருள் ஞானாலோகரும் ஒருவர். யாரை ஏற்றதற்காகக் குரு பழிக்கப்பட்டாரோ, அவரே குருவின் மறைவுக்குப் பின் தவச்சாலையின் தலைவரும் ஆனார்.

முள்வேலிக்குள்ளும் தேரரின் எழுத்துப்பணி தொடர்ந்தது. அங்குத்தர நிகாயத்தையும் விசுத்திமக்கத்தையும் ஜெர்மன் மொழிக்குத் தந்தவர் அவர். விசுத்திமக்கத்தை இயற்றிய புத்தகோசர் நமது காஞ்சியில் தங்கியிருந்தவர் என்பதை எண்ணும்போது, இப்பணி நமக்கும் நெருக்கமானதாகிறது. அவர் தொகுத்த பௌத்த அகராதி 1952-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1954-இல் இரங்கூனில் தொடங்கிய ஆறாவது பௌத்த மகாசபையில் அவர் சீடர் ஞானபோனிகருடன் பங்கேற்றார்.

1950-இல் இலங்கைக் குடியுரிமை பெற்ற தேரர், முதுமையில் கண்டியின் வனக்குடிலுக்குச் சென்றார். 1957 மே 28 அன்று உடல் நீத்தார். இலங்கை அரசு முழு மரியாதையுடன் இறுதிச் சடங்கை நடத்தியது.

ஓர் ஆசிரமத்தைத் தொடங்க உற்சாகம் போதும். நடத்திச் செல்லப் பொறுமை வேண்டும். தாம் இல்லாதபோதும் அது நடக்க வேண்டுமானால் பேதமற்ற அன்பு வேண்டும். ஞானதிலோகரிடம் இம்மூன்றும் இருந்தன. தொண்டு செய்யும் இடத்தில் தடை வரும்போதெல்லாம், சிதைந்த தீவில் மீண்டும் கால் வைத்த அந்தத் துறவியை நாம் நினைவில் கொள்வோமாக!