தாமஸ் அடியோயே லாம்போ

தாமஸ் அடியோயே லாம்போ (மார்ச் 29, 1923 – மார்ச் 13, 2004) நைஜீரியாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஆவார். மேலைநாட்டு முறையில் மனநல மருத்துவம் பயின்ற முதல் நைஜீரியராக இவர் கருதப்படுகிறார். மனநோயாளரைக் காப்பகத்தில் அடைத்து வைக்காமல் உறவினர் துணையுடன் கிராமத்து வீடுகளில் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் ஆரோ கிராம முறையை உருவாக்கினார். ஆப்பிரிக்க மக்களிடையே மனச்சோர்வு நோய் அரிது என்று குடியேற்ற ஆட்சிக் காலத்தில் நிலவிய கருத்தை ஆய்வின் மூலம் மறுத்தவர்களுள் முக்கியமானவர். பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநராகப் பணியாற்றினார்.

இளமையும் கல்வியும்

லாம்போ தென்மேற்கு நைஜீரியாவில், யொரூபா மக்கள் வாழும் அபேயோகுட்டா நகரில் பிறந்தார். அந்நகரின் பாப்டிஸ்ட் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபின் இங்கிலாந்து சென்று, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1948இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நாடு திரும்பிச் சில காலம் பொது மருத்துவராகப் பணிபுரிந்தார். மீண்டும் இங்கிலாந்து சென்று லண்டனில் மனநல மருத்துவம் கற்றார்.

ஆரோ கிராம முறை

அக்காலத்தில் நைஜீரியாவில் மனநோயாளருக்கென இருந்த இடங்கள் யாபா, கலபார் போன்ற ஊர்களில் ஆங்கிலேயர் அமைத்த காப்பகங்களே. இவை பெரும்பாலும் சிறைச்சாலையை ஒத்திருந்தன. அபேயோகுட்டாவுக்கு வெளியே ஆரோ என்னுமிடத்தில் புதிய மனநல மருத்துவமனை ஒன்றைக் கட்ட அரசு முடிவு செய்து, 1954இல் லாம்போவை அதன் பொறுப்பாளராக நியமித்தது. அவர் வந்தபோது கட்டடங்கள் முடிவடைந்திருக்கவில்லை. நோயாளர்களோ காத்திருந்தனர்.

லாம்போ அருகிலிருந்த கிராமங்களின் பெரியவர்களை அணுகி, நோயாளரை வாடகைக்குத் தங்கவைக்க அவர்களின் இசைவைப் பெற்றார். ஒரே ஒரு நிபந்தனைதான் கண்டிப்பாக விதிக்கப்பட்டது. நோயாளியுடன் தாய், உடன்பிறந்தோர் அல்லது நெருங்கிய உறவினர் ஒருவராவது வந்து தங்க வேண்டும். அவர் சமைத்துக் கொடுப்பார், துணி துவைப்பார், காலையில் நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார். மருந்து, மின்னதிர்ச்சி உள்ளிட்ட அன்றைய சிகிச்சைகள் பகலில் மருத்துவமனையில் அளிக்கப்பட்டன. பிற்பகலில் நோயாளி கிராமத்துக்குத் திரும்பி, ஊராரின் அன்றாட வாழ்வில் கலந்துகொள்வார்.

பயிற்சி பெற்ற செவிலியரும் மருத்துவரும் மிகக் குறைவாக இருந்த நாட்டில், கவனிப்பின் பெரும்பகுதியை உறவினர் ஏற்றுக்கொண்டதால் செலவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் சிக்கனம் மட்டுமே இதன் பயன் அன்று. நோயின் தன்மையையும் சிகிச்சையையும் நேரில் பார்த்த உறவினர், வீடு திரும்பிய பின்னும் நோயாளியைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு மிகுந்தது. கிராமத்தாரும் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. வாடகை வருவாயுடன் குழாய்க் குடிநீர், கழிப்பிடம், கொசு ஒழிப்பு ஆகிய வசதிகளும் அக்கிராமங்களுக்குக் கிடைத்தன.

பாரம்பரிய வைத்தியர்களையும் லாம்போ தம் பணியில் சேர்த்துக்கொண்டார். நோயாளரின் அச்சங்களையும் நம்பிக்கைகளையும் அவர்கள் அறிந்த அளவு வெளிநாட்டில் படித்த மருத்துவர் அறிய இயலாது என்பது அவர் எண்ணம். எனினும் மருந்துச் சிகிச்சையை இதற்காக அவர் விட்டுவிடவில்லை. இவரது பணிகளில் அதிகம் விவாதிக்கப்பட்டது இதுவே எனலாம்.

நகரமயமாதலும், உறவினர் வேலையை விட்டு வாரக்கணக்கில் வந்து தங்க இயலாமையும் பெருகியதால் ஆரோ கிராம முறை நாளடைவில் நலிவுற்றது.

மனச்சோர்வு பற்றிய ஆய்வு

கென்யாவின் மத்தாரி மனநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் ஜே. சி. கரோதர்ஸ் எழுதிய நூலை 1953இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. ஆப்பிரிக்கரிடம் மனச்சோர்வு அரிதாகவே காணப்படுவதாக அது கூறியது; அவர்களுக்குத் தனிப்பட்ட பொறுப்புணர்வு குறைவு என்பது போன்ற விளக்கங்களையும் முன்வைத்தது. காப்பகப் பதிவேடுகளை வைத்துச் செய்யப்படும் கணக்கில் ஓர் அடிப்படைக் குறை உண்டு. ஊரில் கலகம் விளைவிப்போரே காப்பகத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். உணவும் உறக்கமும் இன்றி வீட்டு மூலையில் அமைதியாக முடங்கிக் கிடப்பவரை எவரும் அங்குக் கொண்டுவருவதில்லை. இத்தகைய எழுத்துகள் அறிவியல் வேடமிட்ட இனப் பாகுபாடு என லாம்போ கடுமையாக விமர்சித்தார்.

விமர்சனத்தோடு அவர் நிற்கவில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் லெய்ட்டன் குழுவினருடன் இணைந்து, 1961இல் அபேயோகுட்டா பகுதிக் கிராமங்களிலும் நகரிலும் நேரடியாக மக்களைச் சந்தித்து ஆய்வு நடத்தினார். இதன் முடிவுகள் 1963இல் நூலாக வெளிவந்தன. லெய்ட்டன் குழு முன்னர் கனடாவின் ஓர் ஊரகப் பகுதியில் நடத்திய ஆய்வுடன் ஒப்பிட்டபோது, யொரூபா மக்களிடையே மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இல்லை என்று தெரியவந்தது. மனச்சோர்வு என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஈடான சொல் யொரூபா மொழியில் வழங்காவிட்டாலும், உறக்கமின்மை, பசியின்மை, அழுகை, சோர்வு ஆகிய அதன் கூறுகளை மக்கள் நன்கு அறிந்திருந்தனர்.

1961இல் முதலாவது அனைத்து ஆப்பிரிக்க மனநல மருத்துவ மாநாட்டை லாம்போ அபேயோகுட்டாவில் நடத்தினார்.

பல்கலைக்கழகப் பணி

1963இல் இபாதான் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியரானார். ஆரோ மருத்துவமனைப் பொறுப்பு தொலானி அசுனியிடம் சென்றது. 1968 முதல் 1971 வரை லாம்போ அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அதன் முற்பகுதி உள்நாட்டுப் போர் நடந்த காலம். 1971 பிப்ரவரியில் வளாகத்தில் நடந்த மாணவர் போராட்டத்தின்போது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அவரது பதவிக் காலத்தின் துயரமான நிகழ்வு இது.

உலக சுகாதார நிறுவனத்தில்

1971இல் உலக சுகாதார நிறுவனத்தில் உதவித் தலைமை இயக்குநராகச் சேர்ந்த லாம்போ, 1973 முதல் 1988 வரை துணைத் தலைமை இயக்குநராக இருந்தார். கரோதர்ஸின் நூலை வெளியிட்ட நிறுவனத்திலேயே அதை மறுத்தவர் இரண்டாம் நிலைப் பொறுப்பில் அமர்ந்தது இங்குக் குறிப்பிடத்தக்கது.

ஆரம்ப சுகாதாரப் பணிக்கு முதலிடம் அளித்த 1978ஆம் ஆண்டு அல்மா ஆட்டா பிரகடனம் இக்காலத்திலேயே வெளிவந்தது. வளரும் நாடுகளில் மனநலச் சிகிச்சையைப் பொதுச் சுகாதார ஊழியர் வழியாகவே வழங்க வேண்டும் என்ற கொள்கையையும் நிறுவனம் வகுத்தது. இதையொட்டி இந்தியா, கொலம்பியா, சூடான், பிலிப்பைன்ஸ் ஆகிய நான்கு நாடுகளின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்தப்பட்ட ஆய்வு 1980இல் வெளியானது. அங்கு வந்த 1,624 பேரில் 225 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கு, மனநலக் குறைபாடு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் தலைவலி, வயிற்றுவலி, இருமல், பலவீனம் என்று உடல் உபாதையைச் சொல்லியே வந்திருந்தனர். ஊழியர் சரியாக அடையாளம் கண்டது மூன்றில் ஒரு பங்கினரை மட்டுமே.

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற நாட்பட்ட நோய்களுக்காக மாதந்தோறும் சுகாதார நிலையம் வருவோரிடம் மனச்சோர்வையும் விசாரித்து, அங்கேயே சிகிச்சை தரும் பிற்கால முயற்சிகளும் இதே வழியில் அமைந்தவையே. மனநல நிபுணர் அல்லாத ஊழியருக்கான வழிகாட்டியை உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்டது.

பிற்காலம்

1988இல் பணி நிறைவு பெற்று நைஜீரியா திரும்பிய லாம்போ 2004இல் காலமானார். அவர் தொடங்கிவைத்த ஆரோ மருத்துவமனை 2011இல் ஓகுன் மாநிலத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மேற்கூறிய வழிகாட்டியைக் கொண்டு, மனச்சோர்வு, வலிப்பு உள்ளிட்ட நோய்களுக்குச் சிகிச்சை அளிக்க அந்நிலையங்களின் செவிலியருக்கும் சுகாதார ஊழியருக்கும் இத்திட்டத்தில் பயிற்சி அளிக்கப்பட்டது.