முகம் காட்டாத சாம்பியன்



டி.வி.யில் ரெஸ்லிங் பார்க்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். ரே மிஸ்டீரியோ என்ற பெயரைச் சொன்னதும் அவருடைய வண்ண முகமூடிதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். அந்த முகமூடி மரபு பிறந்து வளர்ந்த இடம் மெக்சிகோ. அங்கே குஸ்திக்கு லூச்சா லிப்ரே என்று பெயர். 1933-ல் சால்வடோர் லுத்தெரோத் என்பவர் ஒரு கம்பெனி தொடங்கி இதை நாடு முழுக்கப் பரப்பினார். அந்த மண்ணில் நீல முகமூடியோடு நாற்பது வருஷம் நின்று விளையாடிய ஒரு மாமனிதரின் கதைதான் இது. ஊர் உலகம் அவரை அழைத்த பெயர் புளூ டெமன். அதாவது, நீலப் பிசாசு!

பெற்றோர் வைத்த பெயர் அலெஹாந்த்ரோ முன்யோஸ் மொரேனோ. 1922-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி, வட மெக்சிகோவில் நுவேவோ லெயோன் மாநிலத்தில் கார்சியா என்ற ஊரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். வீடு நிறையப் பிள்ளைகள். வறுமைக்குக் கேட்கவா வேண்டும்? படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பிழைப்பு தேடிப் பக்கத்திலிருந்த தொழில் நகரமான மான்டெர்ரேவுக்கு வந்தார். அங்கே ரயில்வேயில் வேலை. அவருடைய கைகள் ரொம்பப் பெரிசு. அதனால் மனோத்தாஸ், அதாவது பெருங்கைக்காரன் என்று ஒரு பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கைகளின் அருமையைக் கண்டுகொண்டவர் ரோலாண்டோ வேரா. இவர் அந்நாளில் பெயர்பெற்ற மல்யுத்த வீரர். இளைஞன் அலெஹாந்த்ரோவைச் சிஷ்யனாகச் சேர்த்துக்கொண்டு பிடி, பூட்டு, விழும் முறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். நீல முகமூடி என்ற யோசனையும் வாத்தியார் தந்ததுதான். 1948 மார்ச் 31-ல் அமெரிக்க எல்லையில் உள்ள லரேடோ நகரில், செமா லோபஸ் என்பவருக்கு எதிராகப் புளூ டெமன் முதன்முதலாக ரிங்கில் ஏறினார். அப்போது வயது இருபத்தைந்து முடிந்து இருபத்தாறு ஆகப்போகிறது. லேட்டாக வந்தவர்தான். ஆனால் கற்றுக்கொண்டு வந்தவர்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த வகைக் குஸ்தியில் யார் ஜெயிப்பது என்பது பெரும்பாலும் முன்பே பேசி வைக்கப்படுவதுதான். அப்படியானால் எல்லாம் வெறும் நாடகமா? அதுதான் இல்லை! கயிற்றின் மேலிருந்து குதிப்பவன் நிஜமாகத்தான் குதிக்கிறான். விழுகிற உடம்பு நிஜமாகத்தான் விழுகிறது. பிடி கொஞ்சம் பிசகினால் கழுத்து போய்விடும். தன் உயிரை எதிராளியின் கையில் நம்பிக் கொடுக்கிற தொழில் இது. மெக்சிகோ நகரில் இதற்கென்று ஒரு கமிஷனே உண்டு. அது வைக்கிற பரீட்சையில் தேறினால்தான் லைசென்ஸ். நமக்கு டிப்ளமா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அங்கே வீரர்கள் இரண்டு கட்சி. விதியை மீறி முரட்டுத்தனமாக ஆடுகிறவர்கள் ரூடோ. முறைப்படி, நுட்பத்தோடு ஆடுகிறவர்கள் டெக்னிகோ. ஆமாம், தொழில்நுட்பம் அறிந்தவன் என்றுதான் அந்தச் சொல்லுக்கே அர்த்தம். நம்ம ஆட்கள்!

புளூ டெமன் முதலில் ரூடோவாகத்தான் இருந்தார். 1948-லேயே தலைநகர் மெக்சிகோவுக்கு வந்து, பிளாக் ஷேடோ என்ற கறுப்பு முகமூடி வீரரோடு ஜோடி சேர்ந்தார். ஷேடோ சகோதரர்கள் என்று இருவருக்கும் பெயர். கூடப் பிறக்காத அண்ணன் தம்பி!

1952 நவம்பர் 7-ல் வந்தது திருப்பம். வெள்ளி முகமூடி அணிந்த எல் சாண்டோவுக்கும் பிளாக் ஷேடோவுக்கும் முகமூடிப் பந்தயம். தோற்றவன் எல்லார் முன்னிலும் முகமூடியைக் கழற்ற வேண்டும். நிஜப் பெயரும் ஊருக்குத் தெரிந்துவிடும். ஒரு தரம் கழற்றினால் கழற்றினதுதான். ஒரு மணி நேரத்தையும் தாண்டி நடந்த போட்டியில் பிளாக் ஷேடோ தோற்று, முகத்தைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் புளூ டெமன் டெக்னிகோ ஆனார். நண்பனின் தோல்விக்குப் பதில் சொல்லும் வீரனாக ரசிகர்கள் அவரைப் பார்த்தார்கள். 1953-ல் சாண்டோவையே வீழ்த்தி, அவர் வசமிருந்த உலக வெல்டர்வெயிட் பட்டத்தைப் பறித்தார். 1958 வரை அது அவரிடமே இருந்தது. முடிவு முன்பே பேசியதாகவே இருக்கட்டும். ஐந்து வருஷம் ஒரு பட்டத்தைச் சுமக்கிற பொறுப்பை, தொழில் தெரியாதவன் கையில் யாரும் கொடுத்துவிட மாட்டார்கள்.

ஆனால் புகழ் என்பது விசித்திரமான சரக்கு. ரிங்கில் தோற்ற சாண்டோதான் நாட்டின் செல்லப்பிள்ளை! அவர் பெயரில் காமிக்ஸ் வந்தது; சினிமா வந்தது. மொத்தம் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள். புளூ டெமனுக்குப் பெரிய திரையில் கதவு திறந்ததே சாண்டோவால்தான் என்று சொல்லலாம். சாண்டோ சம்பளத்தை உயர்த்திக் கேட்டபோது, தயாரிப்பாளர் என்ரிக்கே வெர்காரா மாற்று ஆளாகத் தேடிப் பிடித்தது இவரைத்தான். 1964 தொடங்கிப் படங்கள் வரிசையாக வந்தன.

பிற்பாடு இருவரும் சேர்ந்தே நடித்தார்கள். பேய், வேற்றுக்கிரகவாசி, பைத்தியக்கார விஞ்ஞானி என்று வராத வில்லன் கிடையாது. 1972-ல் வெளியான குவானாஹுவாட்டோ மம்மிகள் பற்றிய படம் வசூலை அள்ளியது. அந்தப் படத்தில் மம்மிகளோடு மல்லுக்கட்டி அடிவாங்குவது புளூ டெமனும் மில் மாஸ்காராஸ் என்ற இன்னொரு முகமூடி வீரரும். கடைசிக் கட்டத்தில் சாண்டோ வந்து, தீ கக்கும் துப்பாக்கியால் சுட்டுக் கதையை முடித்துப் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். புளூ டெமனுக்கு இது உறுத்தத்தான் செய்தது. யாருக்குத்தான் உறுத்தாது? உழைத்தவன் ஒருவன், கைதட்டல் ஒருவனுக்கு!

வேறு ஒருவராக இருந்தால் சோர்ந்து போயிருப்பார். இவரோ தொழிலை விடவில்லை. எட்டுக்கால் ஆக்டோபஸ் மாதிரி எதிராளியின் கை, கால், உடம்பைச் சுற்றி வளைத்துப் பூட்டும் புல்போ என்ற பிடி இவருடைய முத்திரை. ஸ்பானிய மொழியில் புல்போ என்றால் ஆக்டோபஸ்தான். அன்று ரயில்வேயில் கேலிப் பெயர் வாங்கித் தந்த அதே கைகள்!

1989 ஜூலையில் மான்டெர்ரே நகரில் மீண்டும் ஒரு முகமூடிப் பந்தயம். எதிராளி ராயோ தெ ஹலிஸ்கோ என்ற பிரபல வீரர். புளூ டெமனுக்கோ வயது அறுபத்தேழு! தோற்றிருந்தால் நாற்பது வருஷம் காத்த முகம் அந்த ஒரே ராத்திரியில் வெளிச்சத்துக்கு வந்திருக்கும். ஜெயித்தார். எந்த ஊரில் பிழைப்புத் தேடி வந்தாரோ அதே ஊரில் கிடைத்த வெற்றி அது. அந்த வருஷமே ஓய்வும் பெற்றார். வாழ்நாளில் ஒரு முறைகூட அவர் முகமூடியை இழக்கவில்லை.

ஓய்வு என்றால் ஈஸிசேர் என்று நினைத்துவிடாதீர்கள். இளம் வீரர்களுக்குப் பயிற்சி தருகிற வாத்தியார் ஆனார். ரோலாண்டோ வேரா தன்னிடம் கொடுத்ததை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தார். அவருடைய வளர்ப்பு மகன் புளூ டெமன் ஜூனியர் என்ற பெயரோடு அதே நீல முகமூடியை அணிந்தார். 2008-ல் என்.டபிள்யூ.ஏ. உலக ஹெவிவெயிட் பட்டத்தை அவர் வென்றார். தந்தை ரிங்கை விட்டுப் பத்தொன்பது வருஷம் கழித்து!

2000 டிசம்பர் 16-ந் தேதி காலையில் மாரடைப்பு அந்த மாவீரரைக் கொண்டுபோய்விட்டது. வயது எழுபத்தெட்டு. முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள். 1984-ல் மறைந்த சாண்டோவும் அப்படித்தான் போனார். ஆனால் சாண்டோ சாவதற்குச் சில நாள் முன்பு ஒரு டி.வி. நிகழ்ச்சியில் முகமூடியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டியிருந்தார். நீல முகமூடியோ கடைசிவரை நீல முகமூடியாகவே இருந்தது.

நண்பர்களே! ஒர்க்ஷாப்பில் நாம் இழைக்கிற ஒவ்வொரு ஜாப்பிலும் நம்ம பெயரைப் பொறித்து வைக்கப் போவதில்லை. நாளைக்கு நாம் ஓட்டப்போகிற மெஷினும், கட்டப்போகிற பாலமும் நம்ம முகத்தை யாருக்கும் காட்டப் போவதில்லை. அதனால் வேலை சிறுத்துவிடுமா என்ன? கைதட்டல் எவனுக்கோ போகட்டும். கைத்திறன் நம்மிடம் இருக்கட்டும். அதை வாங்கிய மாதிரியே அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டுப் போவோம். புளூ டெமன் செய்தது அதைத்தான். டெக்னிகோ என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல அர்த்தம் வேறு ஏது?