சி. பா. ஆதித்தனாரும் தமிழ் நாளிதழ்த் தலைப்பெழுத்தும்: புளியந்தோப்பு வாசகரை முன்வைத்து ஒரு வாழ்க்கை வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தினத்தந்தி நாளிதழை நிறுவிய சி. பா. ஆதித்தனாரின் (1905–1981) வாழ்க்கை, அரசியல் நோக்கிலும் இதழியல் மொழிநடை நோக்கிலும் பலராலும் எழுதப்பட்டுள்ளது. அவர் இதழின் தலைப்பெழுத்து, அதன் அளவு, தடிமன், அதில் இடம்பெற்ற சொற்களின் நீளம் ஆகியவை தனித்து நோக்கப்பட்டது குறைவு. தலைப்பெழுத்தைத் தேர்வது அழகியல் சார்ந்த செயல் மட்டுமன்று, யாரை வாசகராகக் கொள்வது என்னும் முடிவும் அதில் அடங்கியுள்ளது என்பதை அவர் வாழ்க்கை நிகழ்ச்சிகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

வடசென்னையின் புளியந்தோப்பு, ஆலைத்தொழிலாளரும் ஆட்டுத்தொட்டித் தொழிலாளரும் இரயில்வே பணிமனைக்கும் துறைமுகத்துக்கும் நாள்தோறும் சென்று வந்தோரும் நெருங்கி வாழ்ந்த பகுதியாகும். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றுவதற்குக் களமான பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இதனை அடுத்தே இருந்தன. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது நிகழ்ந்த மோதல்களால் இவ்வூர்ப் பெயர் சென்னை மாகாணம் முழுவதும் அறியப்பட்டது. அன்று புளியந்தோப்பைப் பற்றி நாளிதழ்கள் எழுதின. ஆனால் புளியந்தோப்பில் வாழ்ந்தோருக்காக அவை எழுதப்பட்டன என்று கூறுவதற்கில்லை. சுதேசமித்திரன் 1882இல் வார இதழாகத் தொடங்கி 1899இல் நாளிதழானது. தினமணி 1934இல் வெளிவந்தது. இவற்றின் தொண்டு பெரிது. எனினும் இவை பள்ளிக்கல்வி முற்றுப்பெற்ற வாசகரையே பெரிதும் எதிர்நோக்கின. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே. அவருள்ளும் எழுத்துக்கூட்டி வாசிப்போர் பலர்.

எழுத்துக்கூட்டி வாசிப்பவருக்கு எழுத்தின் அளவு என்பது வசதி மட்டுமன்று. வாசிப்புக்குள் நுழையும் வாயில். இந்த உண்மையை வணிக முறையில் முதலில் முழுமையாகப் பயன்படுத்தியவர் ஆதித்தனார் எனலாம்.

பிறப்பும் கல்வியும்

சிவந்தி பாலசுப்பிரமணிய ஆதித்தனார் 27.09.1905 அன்று திருச்செந்தூரை அடுத்த காயாமொழியில் பிறந்தார். தந்தையார் சிவந்தி ஆதித்தர் ஸ்ரீவைகுண்டத்தில் வழக்குரைஞர். பள்ளிக்கல்வியை அங்கு முடித்த ஆதித்தனார், திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியில் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்திலேயே பதிப்புத்தொழிலில் இறங்கியது அவர் வாழ்வில் குறிக்கத்தக்கது. மெழுகுவர்த்தி, சோப்பு முதலிய பொருள்களைச் செய்யும் முறைகளைக் கற்பிக்கும் சிறு நூல்களை அவர் வெளியிட்டார். அத்தகைய நூலைக் கையில் எடுப்பவன் இலக்கியச் சுவைக்காக எடுப்பதில்லை. பிழைப்புக்கு வழி தேடி எடுக்கிறான். பின்னாளில் நாளிதழ் நடத்தியபோது அவர் மனக்கண்ணில் இருந்த வாசகனும் இவனே. தினத்தந்தியின் மொழிக்கொள்கைக்கு மேலைநாட்டு மூலங்களைத் தேடுவோர் இச்சிறு நூல்களைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர்.

இலண்டனும் சிங்கப்பூரும்

சட்டம் பயில இலண்டன் சென்ற ஆதித்தனார் மிடில் டெம்பிளில் பயின்று பாரிஸ்டரானார். அங்கிருந்தபோது சுதேசமித்திரனுக்குச் செய்தி எழுதி அனுப்பினார். 1933 முதல் சிங்கப்பூரில் வழக்குரைஞராகத் தொழில் நடத்தினார். அவ்வாண்டிலேயே கோவிந்தம்மாளை மணந்தார்.

இவ்விடத்தில் ஒரு கருத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டியுள்ளது. இலண்டன் டெய்லி மிரர் இதழைப் பார்த்தே ஆதித்தனார் தம் இதழின் பெரிய தலைப்புகளை அமைத்தார் என்பது பரவலாகக் கூறப்படுவது. அவ்விதழ் அவருக்கு முன்மாதிரியாக இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் டெய்லி மிரர் உழைக்கும் மக்களை நோக்கித் திரும்பியதும், முதற்பக்கத்தை நிரப்பும் கறுத்த பெருந்தலைப்புகளைக் கையாளத் தொடங்கியதும் 1930களின் நடுப்பகுதியில்தான். அதற்குள் ஆதித்தனார் இலண்டனை விட்டுச் சிங்கப்பூரில் குடியேறிவிட்டார். ஆகவே, மாணவராக இருந்த நாளில் கண்ட காட்சியை நெஞ்சில் பதித்து வந்து அப்படியே மதுரையில் பெயர்த்தார் என்னும் சித்திரம் காலவரிசைக்குப் பொருந்தி வரவில்லை. பிரித்தானிய ஆட்சியில் இருந்த துறைமுக நகரில் வாழ்ந்துகொண்டு, ஓர் இதழ் தன் வாசகரை மாற்றிக்கொண்டு எழுத்தையும் மாற்றிக்கொள்வதைத் தொலைவிலிருந்து கவனித்தார் என்று கொள்வதே பொருத்தமாகும். அவ்வாறு கொண்டால் அவர் கற்றது தலைப்பின் அளவை மட்டுமன்று. வாசகர் மாறும்போது எழுத்தும் மாறும் என்னும் உறவையும் கற்றார்.

தந்தியின் தோற்றம்

சிங்கப்பூர் 1942 பிப்ரவரியில் சப்பானியர் கையில் வீழ்ந்தது. அப்போர்ச்சூழலில் தமிழகம் திரும்பிய ஆதித்தனார், மதுரையில் இதழ்ப்பணியைத் தொடங்கினார். தமிழன் என்னும் வார இதழ் அவ்வாண்டு வெளிவந்தது. 01.11.1942 அன்று தந்தி என்னும் நாளிதழ் பிறந்தது. பின்னர் அது தினத்தந்தி எனப் பெயர் பெற்றது.

பெயரையே முதல் தலைப்பாகக் கொண்டு நோக்கலாம். சுதேசமித்திரன் என்பது வடசொற்றொடர், நீளமானது. தந்தி என்பது தபால் நிலையம் சென்ற எவரும் அறிந்த சொல். அவசரத்தையும் அச்சத்தையும் ஒருங்கே எழுப்புவது, ஏனெனில் அக்காலத்தில் ஏழை வீட்டுக்குத் தந்தி வந்தால் பெரும்பாலும் சாவுச் செய்திதான். மூன்றே எழுத்துகள் என்பதால் பக்கத்தின் மேற்பகுதியில் எவ்வளவு பெரிதாகவும் அதை அமைக்க முடிந்தது.

போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வைக்கோலைக் கூழாக்கிக் கையாலேயே காகிதம் செய்து ஆதித்தனார் இதழை அச்சிட்டதாக அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அவ்வகைச் சொரசொரப்பான காகிதத்தில் சிறிய ஈய எழுத்துகளின் மெல்லிய கோடுகள் மை பரவிச் சிதையும். தடித்த பெரிய எழுத்தே தெளிவாக விழும். வறுமையும் வடிவமைப்பும் ஒன்றையொன்று துணைக்கொண்ட இடம் இது.

தலைப்பெழுத்தின் இயல்பு

தமிழ்த் தலைப்பெழுத்துக்கென்று சில தனிச் சிக்கல்கள் உள்ளன. உரோமன் எழுத்தில் தலைப்பை முழுவதும் பேரெழுத்தில் அமைத்துவிட்டால் உடற்பகுதியிலிருந்து அது வேறுபட்டு நிற்கும். தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் பாகுபாடு இல்லை. ஆகவே தமிழ்த் தலைப்பு தன்னை வேறுபடுத்திக் காட்ட அளவு, தடிமன், சுற்றிலும் விடும் வெற்றிடம் ஆகிய மூன்றையே நம்ப வேண்டும்.

அடுத்தது உயரம். ஆங்கிலப் பேரெழுத்துகள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்பவை. கோட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. தமிழில் இகர, ஈகார உயிர்மெய்களின் சுழி மேலே ஏறுகிறது. உகர, ஊகாரக் குறிகள் கீழே இறங்குகின்றன. இரண்டுக்கும் இடம் விட்டே ஈய எழுத்தின் உடலை வார்க்க வேண்டும். இதனால் 72 பாயிண்ட் ஆங்கிலத் தலைப்பைவிட 72 பாயிண்ட் தமிழ்த் தலைப்பு கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும். தமிழ் நாளிதழ் ஆங்கில நாளிதழுக்கு நிகரான அழுத்தம் பெற வேண்டுமாயின் அதைவிடப் பெரிய எழுத்தையே நாட வேண்டும். தினத்தந்தியின் தலைப்புகள் மிகைப்பட்டவை என்று ஆங்கில இதழ்களோடு ஒப்பிட்டுக் குறை கூறியோர் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளவில்லை.

மூன்றாவது அகலம். தமிழ் ஒட்டுநிலை மொழியாதலால் வேற்றுமையும் காலமும் பாலும் சொல்லின் இறுதியில் ஒட்டிச் சொல்லை நீட்டுகின்றன. கைது செய்யப்பட்டார் என்று முழுமையாக எழுதினால் அகன்ற பத்திகளும் போதா. கைது என்று நிறுத்தினால் அதே இடத்தில் எழுத்து இருமடங்குக்கு மேல் பெரிதாகும். பலி, தீ, கொலை, சாவு, கைது, மோதல் எனத் தினத்தந்தியின் தலைப்புகளில் ஓயாமல் வரும் சொற்கள் குறுகியனவாக இருப்பது தற்செயலன்று. வினைமுற்றைத் துறந்த பெயர்ச்சொல்லில் தலைப்பை முடிக்கும் வழக்கம் இன்று எல்லாத் தமிழ் நாளிதழ்களிலும் நிலைபெற்றுள்ளது. இதனை இலக்கணக் குறைபாடாகக் கருதும் ஆசிரியர்கள் உளர். எழுத்துரு அளவுக்கும் பத்தி அகலத்துக்கும் இடையில் நிகழ்ந்த பேரத்தின் விளைவாகக் கொள்வதே அதை விளங்கிக்கொள்ள உதவும்.

அச்சுக்கோப்போரின் நிலையையும் இங்கு எண்ண வேண்டும். தமிழ் எழுத்துப்பெட்டியில் ஆங்கிலத்தைவிடப் பன்மடங்கு அறைகள் தேவை. உடற்பகுதிக்குரிய சிறிய எழுத்துகளுக்கே அவ்வாறெனில், பெரிய அளவு ஒவ்வொன்றுக்கும் முழு எழுத்துத்தொகுதி வைத்திருப்பது பெருஞ்செலவு. கிரந்த எழுத்துகளுக்கும், அன்று வழக்கிலிருந்த துதிக்கை வடிவ ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் ஒட்டெழுத்தாக நின்ற ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனி வார்ப்புகள் வேண்டும். பெரியார் 1935இல் தம் இதழ்களில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டார். தமிழக அரசு அதை ஆணையாக ஏற்றது 1978இல்தான். இடைப்பட்ட நாற்பதாண்டுகளும் பெரிய எழுத்துகளின் சுமையைத் தமிழ் அச்சகங்கள் சுமந்தன. வடசொற்களைக் குறைத்துத் தமிழ்ச்சொற்களைப் பெய்யும் ஆதித்தனாரின் கொள்கை இனப்பற்றில் வேரூன்றியது என்பது உண்மை. அக்கொள்கை அச்சுக்கோப்பவரின் கைக்கும் எளிதாக அமைந்தது என்பதும் உண்மை.

ஆனந்த விகடன், கல்கி முதலிய வார இதழ்கள் வேறொரு வழியைக் கொண்டன. அவற்றில் கதைத் தலைப்புகளை ஓவியர்கள் தூரிகையால் வரைந்தனர். கதையின் மெய்ப்பாட்டுக்கேற்ப எழுத்து வளைந்தும் நடுங்கியும் நின்றது. நாளிதழுக்கு அந்த அவகாசம் இல்லை. நள்ளிரவில் வரும் செய்திக்குத் தலைப்பு பெட்டியிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். ஆகவே ஆதித்தனாரின் இதழ் எழுத்தில் பல்வகையைத் தேடவில்லை. ஒரே முகமுடைய தடித்த எழுத்தை நாள்தோறும் காட்டி வாசகரின் கண்ணைப் பழக்கியது. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்குப் புதுமையைவிடப் பழக்கமே பெருந்துணை.

இதழாளர் கையேடும் தேநீர்க்கடையும்

தம் இதழில் பணியாற்றுவோருக்கு ஆதித்தனார் எழுதிய இதழாளர் கையேடு இத்துறையில் தமிழில் தோன்றிய முன்னோடி நூல்களுள் ஒன்று. மக்கள் பேசும் சொற்களைக் கொச்சை நீக்கி எழுதுதல், சிறிய வாக்கியங்களை அமைத்தல் ஆகியவை அவர் வற்புறுத்திய நெறிகள். இவை உரைநடை பற்றிய நெறிகளாகவே இதுகாறும் நோக்கப்பட்டுள்ளன. பேச்சுச்சொல் குறுகியது, குறுகிய சொல் பெரிய எழுத்தில் அடங்கும் என்னும் தொடர்பை நினைவிற் கொண்டால், இந்நூலை வடிவமைப்புக் கையேடாகவும் வாசிக்க முடியும்.

1940களிலேயே தினத்தந்தி சென்னைக்கும் வந்தது. பின்னாளில் அதன் தலைமையிடம் வேப்பேரியில், புளியந்தோப்பிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் அமைந்தது. புளியந்தோப்பு, பெரம்பூர், இராயபுரம் முதலிய தொழிலாளர் பகுதிகளின் தேநீர்க்கடைகளில் ஒரே பிரதியின் தாள்கள் பிரிக்கப்பட்டுப் பல கைகளில் உலவின. ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கேட்டனர். பெட்டிக்கடையின் முன் கயிற்றில் தொங்கிய செய்திச் சுவரொட்டி, இதழை வாங்காதவரையும் வாசகராக்கியது. ஆலைச் சங்கு ஒலிக்கும் முன் விரைந்து செல்பவர் நிற்காமலே படிக்க வேண்டிய எழுத்து அது. நான்கைந்து சொற்கள், தெருவின் எதிர்ப்புறத்திலிருந்தும் தெரியும் தடிமன். தலைப்பெழுத்தின் தேர்வு முழுமையாகச் சோதனைக்கு உட்பட்டது இத்தெருக்களில்தான். 1960இல் தொடங்கிய கன்னித்தீவு சித்திரக்கதை, வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்த சிறுவரையும் இவ்வாசகர் கூட்டத்தில் சேர்த்தது.

இதன் மறுபக்கத்தையும் கூறாமல் விடுவது நேர்மையாகாது. கொலைச் செய்தியும் சட்டமன்றத் தீர்மானமும் ஒரே அளவு எழுத்தில் நாள்தோறும் நின்றால், எது பெரிது, எது சிறிது என்னும் அளவுகோல் வாசகர் மனத்தில் தளர்கிறது. புதிதாக வாசிக்க வந்தவருக்கு எழுத்தின் அளவே செய்தியின் மதிப்பாகத் தோன்றும். அந்த அதிகாரத்தைத் தினத்தந்தி எப்போதும் பொறுப்புடன் கையாண்டது என்று சொல்ல இயலாது. உழைக்கும் குடியிருப்புகள் அதன் முதற்பக்கத்தில் இடம்பெற்றது பெரும்பாலும் குற்றச் செய்திகளின் வழியே என்னும் குறைபாடும் எண்ணத்தக்கது.

அரசியல் வாழ்வும் இறுதிக்காலமும்

ஆதித்தனார் 1958இல் நாம் தமிழர் இயக்கத்தைத் தோற்றுவித்தார். 1959இல் தினத்தந்தியின் பொறுப்பு அவர் மகன் பா. சிவந்தி ஆதித்தனிடம் சென்றது. மாலை முரசு, ராணி ஆகிய இதழ்களும் அக்குடும்பத்திலிருந்து வெளிவந்தன. 1967இல் அண்ணா தலைமையில் ஆட்சி அமைந்தபோது ஆதித்தனார் சட்டப்பேரவைத் தலைவரானார். பின்னர்க் கலைஞர் மு. கருணாநிதியின் அமைச்சரவையில் கூட்டுறவுத்துறை அமைச்சராகப் பணியாற்றினார். திருச்செந்தூரில் அவர் பெயரால் 1965இல் கல்லூரி தொடங்கப்பெற்றது.

24.05.1981 அன்று தம் 75ஆம் வயதில் ஆதித்தனார் மறைந்தார். எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. துதிக்கை எழுத்துகள் தமிழ் அச்சகங்களின் பெட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருந்தன. ஈய எழுத்தே விடைபெறும் காலமும் அணுகிக்கொண்டிருந்தது. சென்னை எழும்பூரில் ஆரிஸ் சாலை என்றிருந்த சாலை இன்று ஆதித்தனார் சாலை. அங்குள்ள பெட்டிக்கடைகளின் முன்னும், வடக்கே புளியந்தோப்பின் கடைகளின் முன்னும், நாள்தோறும் காலையில் தடித்த எழுத்திலான சுவரொட்டி மாற்றித் தொங்கவிடப்படுகிறது.