துறைமுக ஓவியர் ஃபிட்ஸ் ஹென்றி லேன்

அமெரிக்க நாட்டின் கடற்காட்சி ஓவியர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் ஃபிட்ஸ் ஹென்றி லேன். இவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குளோஸ்டர் என்னும் மீன்பிடித் துறைமுகத்தில் 1804ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கப்பற்பாய் தைக்கும் தொழிலாளி. பெற்றோர் இட்ட பெயர் நதானியேல் ரோஜர்ஸ் லேன்.

இரண்டு வயது நிறையுமுன்னரே இவருடைய கால்கள் செயலிழந்தன. ஊமத்தை இனத்து நச்சுச் செடியைத் தின்றதே காரணம் என்று கூறப்பட்டது. வாழ்நாள் முழுதும் ஊன்றுகோல்களே துணையாயின. கடலோடும் ஊரில் பிறந்தும் மாலுமியாக இயலாத அச்சிறுவர் படம் வரைவதில் மனத்தைச் செலுத்தினார். சில காலம் காலணி தைத்தும் பிழைத்தார். அத்தொழிலின் உழைப்பை இம்மலரைப் படிப்போர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

1832ஆம் ஆண்டளவில் பாஸ்டன் நகரில் பெண்டில்டன் கல்லச்சகத்தில் வேலைக்கு அமர்ந்தார். ஓவியக் கல்லூரி எதிலும் அவர் பயின்றாரல்லர். அச்சுக்கல்லே அவருக்குப் பள்ளிக்கூடம். கல்லின்மீது கோடு பிசகாமல் வரைந்து பழகிய கை, பின்னர் வண்ண ஓவியத்திலும் பிசகவில்லை. பாஸ்டன் துறைமுகத்தைப் பலமுறை தீட்டினார். 1850ஆம் ஆண்டளவில் நியூயார்க் துறைமுகத்தையும் தீட்டினார். நெருங்கி நிற்கும் பாய்க்கப்பல்கள், அவற்றிடையே புகைவிடும் நீராவிக் கப்பல், துடுப்பு வலிப்போர் அமர்ந்த சிறு படகு, அனைத்தின்மேலும் படர்ந்த அந்தி ஒளி ஆகியவற்றை அவற்றிற் காணலாம். பரபரப்பான துறைமுகத்திலும் ஓர் அமைதியைக் காட்டியதே அவர் தனித்திறம் என்பது நம் கருத்து. பாய்மரமும் கயிறும் எங்கு எவ்வாறு கட்டப்பெறும் என்பதை, பாய் தைப்பவர் மகன் அறியாதிருப்பாரோ!

1848ஆம் ஆண்டளவில் குளோஸ்டருக்கே திரும்பி, துறைமுகத்தை நோக்கிய மேட்டில் கருங்கல் வீடொன்று கட்டினார். அவ்வீடு இன்றும் நிற்கிறது. நண்பர்களுடன் படகேறி மெய்ன் மாநிலக் கரையோரம் சென்றும் வரைந்தார். 1865 ஆகஸ்டுத் திங்கள் 14ஆம் நாள் மறைந்தார்.

பெயரைப் பற்றியும் கூறவேண்டும். பெற்றோர் இட்ட பெயரை மாற்றிக்கொள்ள அவரே 1831இல் அரசுக்கு விண்ணப்பித்தார். மறு ஆண்டு இசைவும் பெற்றார். படங்களில் நடுப்பெயரின் முதலெழுத்தை மட்டுமே இட்டுவந்தமையால், பிற்காலத்தார் அதனை ஹியூ என்று விரித்தெழுதினர். நூலுக்கு நூல் அப்பிழையே ஏறிற்று. பள்ளிப் பதிவேட்டில் பிழையாக ஏறிய பெயர் ஒருவரை எத்தனை ஆண்டு தொடரும் என்பதை ஆசிரியர்களாகிய நாம் நன்கறிவோம். இங்கோ அது நூற்றாண்டைக் கடந்தது. மாநில ஆவணக் காப்பகத்தில் அவருடைய விண்ணப்பம் கண்டெடுக்கப்பட்ட பின்னரே, 2005ஆம் ஆண்டளவில், ஹென்றி என்னும் அவர் தேர்ந்த பெயர் நூல்களிலும் காட்சியகங்களிலும் மீண்டும் எழுதப்பெற்றது.