மண்டையைத் திறக்காமல் மூளைக்குள் ஊசி... சாத்தியமாக்கிய லார்ஸ் லெக்செல் யார்?

மூளை ஸ்கேனில் ஒரு புள்ளி தெரிகிறது. புற்றுநோயா, காசநோய்க் கட்டியா, இல்ல சீழ்க்கட்டியா? படத்தை மட்டும் வைத்துப் பல நேரங்களில் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சிகிச்சை மூன்றுக்கும் வேற வேற. அந்த இடத்திலிருந்தே துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். மண்டையோட்டில் சின்ன துளை போட்டு, ஊசி விட்டு அதை எடுப்பதுதான் ஸ்டீரியோடாக்டிக் பயாப்ஸி.

இதற்காக நோயாளியின் தலையில் மாட்டும் உலோக ஃப்ரேம்களில் ரொம்பப் பிரபலமான ஒன்றுக்கு லெக்செல் ஃப்ரேம் என்று பெயர். அதைச் செய்தவர்தான் லார்ஸ் லெக்செல்.

1907-ல் சுவீடனில் பிறந்தவர். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்காவில் மருத்துவம் படித்தார். 1935-ல் புகழ்பெற்ற மூளை அறுவை நிபுணர் ஹெர்பர்ட் ஒலிவெக்ரோனாவிடம் சேர்ந்தார். மண்டையைப் பெரிதாகத் திறந்துதான் ஆபரேஷன் செய்ய வேண்டிய காலம் அது. மூளையின் ஆழத்தில் கட்டி இருந்தால், அங்கே போகும் வழியில் உள்ள நல்ல பகுதியும் சேதமாகிவிடும்.

ஊசிக்கு வழிகாட்டும் கருவி அப்போது புதுசு இல்லை. லண்டனில் ஹார்ஸ்லியும் கிளார்க்கும் விலங்குகளுக்காகச் செய்த கருவி பற்றி 1908-லேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஸ்பீகலும் வைசிஸும் 1947-ல் அதை மனிதர்களுக்குக் கொண்டுவந்தார்கள். அதே வருஷம் அங்கே நேரில் போய்ப் பார்த்த லெக்செல், 1949-ல் தன்னுடைய சொந்தக் கருவியை வெளியிட்டார்.

அப்படி என்ன வித்தியாசம்? சைக்கிள் சக்கரத்தை நினைத்துப் பாருங்க. ரிம்மில் எந்த இடத்திலிருந்து கிளம்பினாலும் ஸ்போக்ஸ் கம்பி நடுவில் உள்ள அச்சைத்தான் நோக்கிப் போகும். லெக்செல் ஃப்ரேமிலும் அரை வட்ட வளைவு ஒன்று உண்டு. கட்டி இருக்கும் இடத்தை அதன் மையத்தில் நிறுத்திவிட்டால் போதும். எந்தக் கோணத்தில் ஊசி விட்டாலும் சரியான ஆழத்தில் அங்கேதான் போய் நிற்கும். அதனால் ரத்தக் குழாயையும் பேச்சுக்கான பகுதியையும் தவிர்க்கும் பாதையை டாக்டர் தேர்ந்தெடுக்கலாம். கணக்கு அவ்வளவுதான். ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் அந்த எளிமைக்கு மதிப்பு அதிகம்.

ஒரே சிக்கல், குறி எங்கே என்று எப்படித் தெரியும்? சாதாரண எக்ஸ்ரேயில் மூளைத் திசு தெரியாது. மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்திப் படம் எடுத்து, இடத்தைக் கணக்குப் போட்டார்கள். 1970-களில் சிடி ஸ்கேன் வந்த பிறகுதான் கட்டியே கண்ணுக்குத் தெரிந்தது. ஃப்ரேமோடு ஸ்கேன் எடுத்து, படத்திலிருந்தே அளவுகளைக் குறித்துக்கொள்ள முடிந்தது. பயாப்ஸி பரவலானது அதற்கப்புறம்தான். கருவி முதலில் வந்துவிட்டது, அதற்கான கண் இருபது வருஷத்துக்கும் மேல் தாமதமாக வந்தது!

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. ஊசி ரத்தக் குழாயில் பட்டால் கசிவு ஏற்படலாம். எடுத்த சதை போதாமல் விடை கிடைக்காமலும் போகலாம்.

லெக்செல் ஊசியோடு நிற்கவில்லை. கத்திக்குப் பதில் கதிர்களைக் குவிக்கும் யோசனையை 1951-லேயே சொன்னார். 179 கோபால்ட் மூலங்கள் கொண்ட முதல் காமா நைஃப் 1968-ல் பயன்பாட்டுக்கு வந்தது. 1986 ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் நடந்துகொண்டிருந்தபோது, 78 வயதில் அவர் உயிர் பிரிந்தது.